எடை கூடியதிலிருந்து தாம்பத்தியத்தில் சிக்கல்: 38 வயதுதான் ஆகிறது, என்ன செய்வது?

கடலோரக் கணக்கர் (பாம்பன்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத விஷயம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

வயது 38. உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. கல்யாணத்தின்போது 68 கிலோதான் இருந்தேன். அப்போது அப்பாவோடு நாட்டுப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு 52 வயதில் நெஞ்சுவலி வந்தது. இனிமேல் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் படகைக் கொடுத்துவிட்டு, ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். படகு எப்போது கரைக்கு வருகிறதோ அதுதான் எங்களுக்கு வேலை நேரம். விடியற்காலை 3 மணிக்கு நண்டும் இறாலும் எடை போட ஆரம்பித்தால், அதற்கப்புறம் நாள் முழுக்க நாற்காலிதான். நடுவில் டீயும் வடையும். ராத்திரி பெரும்பாலும் பரோட்டா. பீடி உண்டு. குடி எப்போதாவது.

ஒரு வருடத்துக்கும் மேலாக விறைப்பு சரியாக நிற்பதில்லை. தொடங்கினாலும் பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் காலையில் தூங்கி எழும்போது தானாகவே இருக்கும், இப்போது அதுவும் அபூர்வம். ஆசை குறையவில்லை, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. உறுப்பு முன்பைவிடச் சிறிதாகத் தெரிகிறது, அது வேறு பயமாக இருக்கிறது. பையனுக்கு 7 வயது, இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். சாக்குச் சொல்லிச் சொல்லி நான் தள்ளிப் படுப்பதைப் பார்த்து, "என்னைப் பிடிக்கவில்லையா" என்று மனைவி அழுதுவிட்டாள்.

ராமநாதபுரத்தில் ஒரு சுவரொட்டியைப் பார்த்து லேகியம் வாங்கினேன். 3,500 ரூபாய். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முகம் சூடாகிறது, மூக்கு அடைக்கிறது, மறுநாள் வரை தலைவலி. இதைத் தொடரலாமா? எடையைக் குறைத்தால் உண்மையிலேயே சரியாகுமா? யாரிடம் போய்க் காட்டுவது?

—

ராம்நாட் ஃபிட் (ராமநாதபுரம்):

அண்ணே, இது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவுதான், சந்தேகமே வேண்டாம். எங்கள் ஜிம்மில் சில பேர் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். உடம்பும் ஏறுகிறது, அந்த விஷயத்திலும் வேகம் கூடுகிறது என்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு எடை தூக்க ஆரம்பியுங்கள். எடை தானாகக் குறையும்.

—

மருந்துக்கடை அண்ணன் (தேவிபட்டினம்):

தம்பி, நான் தேவிபட்டினம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை அடைக்கும் நேரமாகப் பார்த்து வந்து, பக்கத்தில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாத்திரை பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தை நீட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டோடு இருக்கும் விசைப்படகுக்காரர்கள், புதிதாகக் கல்யாணமான பையன்கள்கூட வருகிறார்கள். அவர்களில் பல பேருக்கு வயிறு முன்னால் தள்ளியிருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுக்கக்கூடாது, நான் கொடுப்பதும் இல்லை. ஆனால் வந்தவரை உட்காரவைத்துப் பேசாமல் அனுப்புவதில்லை. உங்களிடமும் அப்படித்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். அந்த லேகியத்தை இன்றோடு நிறுத்துங்கள். மூலிகை லேகியம் எதுவும் ஒரு மணி நேரத்தில் இப்படி வேலை செய்யாது. முகம் சூடாவது, மூக்கடைப்பு, தலைவலி மூன்றும் சில்டெனாபில் மாத்திரையின் பக்கவிளைவுகள். வயாகரா என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதேதான். "மூலிகை" என்று விற்கும் டப்பாக்களில் இந்த மருந்தைச் சொல்லாமல் கலப்பது பல நாடுகளில் பரிசோதனைக்கூடங்களில் பிடிபட்ட விஷயம். உங்கள் டப்பாவிலும் அதுதான் இருக்கிறது என்று நான் பலமாகச் சந்தேகிக்கிறேன். ஒரு உருண்டையில் 25 மில்லிகிராம் இருக்கிறதா, 200 இருக்கிறதா என்று அதைக் கிண்டியவருக்கே தெரியாது.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் உங்கள் அப்பாவின் மாத்திரை. நெஞ்சுவலி வந்தவர் என்கிறீர்கள். அப்படியென்றால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாதிரி மாத்திரை வீட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். அது நைட்ரேட் வகை. சில்டெனாபில் உடம்பில் இருக்கும்போது நைட்ரேட் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிரே போகலாம். ஒரு ராத்திரி உங்களுக்கு நெஞ்சு வலித்தால் அப்பா பதறிப்போய் முதலில் என்ன செய்வார்? தன் மாத்திரையில் ஒன்றை எடுத்து உங்கள் நாக்குக்கு அடியில் வைப்பார். நீங்கள் லேகியம் சாப்பிட்டது அவருக்குத் தெரியாது. சில்டெனாபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகையைச் சேர்ந்த டடாலாபில் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் தொடவே கூடாது. உங்கள் டப்பாவில் இருப்பது எந்த வகை என்றே தெரியாத நிலையில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. இனி எந்த ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுவலி என்று போனாலும், இந்த மாதிரி மருந்து சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

விறைப்பு என்பது ரத்த ஓட்டம். மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்ததும், ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது, ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. இந்த வாயு ரத்தக்குழாய்களில் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காக மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வயாகராவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே வருடம்தான். அந்த மாத்திரை ஆசையையும் உண்டாக்காது, குழாயில் இருக்கும் பழுதையும் சரிசெய்யாது. இருக்கிற நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கொஞ்ச நேரம் நீட்டிக்கொடுக்கும், அவ்வளவே.

வயிற்றுக் கொழுப்பு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பீடி எல்லாம் சேர்ந்து கெடுப்பது அந்த உள்சுவரைத்தான். இதயத்தின் ரத்தக்குழாய்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலம். ஆணுறுப்புக்குப் போகும் குழாய்கள் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். நம் மாவட்டத்து உப்புத்தண்ணீர் ஓடும் வீடுகளில் பாருங்கள், மோட்டாரிலிருந்து வரும் பெரிய குழாய்க்கு முன்னால் சின்னக் குழாய்தான் உப்புப் படிந்து அடைபடும். உடம்பிலும் அதே கணக்கு. அதனால்தான் விறைப்புக் கோளாறு வந்த பல பேருக்கு அதற்கு 2 முதல் 5 வருடம் கழித்து இதய நோய் தலைகாட்டுகிறது. அப்பாவுக்கு 52 வயதில் வந்திருக்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் நமக்கும் ஆபத்து கூடுதல் என்றுதான் டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். 38 வயதில் உங்கள் உடம்பு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. அதை லேகியத்தால் வாயடைக்காதீர்கள் தம்பி. என் மனதில் இருப்பது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

காலை விறைப்பும் குறைந்துவிட்டது என்கிறீர்கள். அது நன்றாக இருந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் தளர்ந்தால் மனக்கலக்கம் பெரிய காரணமாக இருக்கலாம். இரண்டுமே குறைந்தால் உடம்பில் தேட வேண்டும். இரண்டும் கலந்தும் இருக்கும். ஒரு தடவை தளர்ந்தால் அடுத்த தடவை அந்தப் பயமே தளர்த்திவிடும்.

ஹார்மோன் விஷயத்தில் ராம்நாட் தம்பி சொன்னதில் பாதி உண்மை உண்டு. கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும். கொழுப்பு கூடக்கூட இந்த மாற்றமும் கூடும். ஆனால் எடை குறைந்தால் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் தானே ஏறும், ஊசி தேவைப்படாது. ஊசி போட்டால் என்ன ஆகும் தெரியுமா? வெளியிலிருந்து வருகிறதே என்று மூளை விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தது, முடிவு 1990-ல் வெளிவந்தது. பெரும்பாலானவர்களுக்கு விந்தணு அடியோடு நின்றது. இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறவர் அந்த ஊசி பக்கமே போகக்கூடாது. ராம்நாட் தம்பி, ஊசி போடும் உங்கள் நண்பர்களுக்கு யாராவது இதைச் சொன்னார்களா? கல்யாணம் ஆகாத பையன்களாக இருந்தால் தயவுசெய்து நீங்களாவது சொல்லுங்கள். நிறுத்தினாலும் விந்தணு திரும்ப வர மாதக்கணக்கில் ஆகும்.

உறுப்பு சிறிதாகிவிட்டதா என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. அது சுருங்கவில்லை. தொப்புளுக்குக் கீழே, முடி வளரும் இடத்தில் கொழுப்பு திரண்டு அடிப்பகுதியை மூடிவிடுகிறது. விரலால் அந்தக் கொழுப்பை எலும்பு வரை அழுத்திப் பாருங்கள், உள்ளே இருப்பது தெரியும். எடை குறைந்தால் வெளியே தெரியும் நீளமும் கூடும். இதற்கென்று விற்கும் எண்ணெய், பம்பு எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

எடை குறைத்தால் சரியாகுமா? 2004-ல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். உங்களை மாதிரியே 35 முதல் 55 வயதுக்குள், மிகவும் பருத்த, விறைப்புக் கோளாறு உள்ள 110 ஆண்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இல்லாதவர்கள். பாதிப் பேருக்கு உணவும் உடற்பயிற்சியும் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். 2 வருடம் கழித்துப் பார்த்தால், சொல்லிக்கொடுத்த 55 பேரில் 17 பேருக்கு விறைப்பு இயல்பு நிலைக்கு வந்திருந்தது. மற்ற 55 பேரில் 3 பேருக்குத்தான். மாத்திரை இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குச் சரியானது சின்ன விஷயம் இல்லை. எல்லோருக்கும் ஆகவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் உயரத்துக்கு 94 கிலோ என்றால் பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் எண்) 33-க்கு மேல். நம் நாட்டவர்களுக்கு 25-லேயே பருமன் என்று கணக்கு, ஏனென்றால் நமக்குக் கொழுப்பு வயிற்றில்தான் சேர்கிறது. தையல்காரர் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக்கூடாது. பழைய 68 கிலோவை இப்போதே நினைத்து மலைக்க வேண்டாம். முதலில் 85-க்கு வாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே சர்க்கரையும் கொதிப்பும் ஹார்மோனும் அசையும்.

உடற்பயிற்சியில், இந்தக் கோளாறுக்கு என்றே வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் அளவு இது: ஒரு தடவைக்கு 40 நிமிடம், வாரம் 4 தடவை, 6 மாதம். மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்க வேண்டும். உங்கள் வேலை நேரத்துக்குக் காலை நடை ஒத்துவராது. வெயில் தாழ்ந்ததும் சாயங்காலம் போங்கள். இந்த எடையோடு மணலில் நடந்தால் முழங்காலும் குதிகாலும் போய்விடும், முதல் இரண்டு மாதம் தார்ச்சாலைதான். இன்னொன்று, எடைத்தட்டில் பெட்டி தூக்கிவைக்க ஆள் இருந்தாலும் நீங்களும் கூடச் சேர்ந்து தூக்குங்கள். கடலில் வலை இழுத்த உடம்பு உங்களுடையது, தசைக்கு அது மறக்காது.

சாப்பாட்டில் நமக்கு மீன் என்ற பெரிய வசதி இருக்கிறது. கம்பெனியிலேயே சூடையும் மத்தியும் கிடைக்கும்போது வடை எதற்கு? மீனைக் குழம்பாகச் சாப்பிடுங்கள், பொரிப்பதை விடுங்கள். சோற்றைப் பாதியாக்கிக் காயைக் கூட்டுங்கள். கருவாடு தினமும் வேண்டாம், உப்பு கொதிப்பை ஏற்றும். டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் எத்தனை டீ உள்ளே போகிறது என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி பரோட்டாவுக்குப் பதில் வீட்டு இட்லி. பீடியை மட்டும் குறைக்கிறேன் என்று சொல்லாதீர்கள், விட்டுவிடுங்கள். நைட்ரிக் ஆக்சைடுக்கு நேர் எதிரி அது.

யாரிடம் காட்டுவது? "ஆண்மை ஸ்பெஷலிஸ்ட்" என்று லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிறவர்களிடம் இல்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் கொதிப்பும் காசில்லாமல் பார்ப்பார்கள். அப்புறம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.), கொழுப்பு, தைராய்டு, ஈசிஜி பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதென்றால் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், பிற்பகலில் அளவு இறங்கிவிடும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

—

ராம்நாட் ஃபிட்:

அண்ணே, குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் ஜிம் பையன்களில் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இந்தப் பதிவை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

—

கீழக்கரைக்காரன் (கீழக்கரை):

தம்பி, எனக்கு 46 வயது. ரியாத்தில் டிரைவர் வேலை. பகலெல்லாம் வண்டியில், ராத்திரி கப்ஸாவும் பெப்ஸியும். ஊருக்கு வந்தபோது 102 கிலோ. லீவில் வந்தால் மனைவியோடு சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கும் இதே பிரச்சினை. வெளிநாட்டிலேயே இருந்ததால் கூச்சமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மதுரையில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் அந்த இடத்தைப் பரிசோதிப்பதற்கு முன்னால் சர்க்கரை பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் 210 வந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது 86 கிலோ. ரியாத்துக்குத் திரும்பப் போகவில்லை, இங்கேயே சின்னதாகக் கடை. பஜ்ர் தொழுகை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் நடை. முதலில் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நின்று நின்றுதான் நடந்தேன். கஷ்டம் எல்லாம் சாப்பாட்டில்தான். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கல்யாணம் நெய்ச்சோறு, விருந்தாளி வந்தால் தொதல், நோன்பு மாதத்தில் வாடாவும் சமோசாவும். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். நான் ஒரு வாய் எடுத்து மரியாதை செய்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். நோன்புக் கஞ்சி மட்டும் விடவில்லை.

முழுக்கச் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. சர்க்கரை தெரியாமல் இருந்த வருடங்களில் நரம்பும் கொஞ்சம் அடிவாங்கிவிட்டது என்றார் டாக்டர். சில நாள் மாத்திரை இல்லாமல் முடிகிறது, சில நாள் அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். ஆனால் 102 கிலோவில் முழு மாத்திரைக்கே அசையாமல் இருந்தது. உங்களுக்கு 38 வயதுதான், இப்போதே பிடித்துவிட்டால் என்னைவிட நன்றாக வரும். இன்ஷா அல்லாஹ்.

—

ஓய்வுபெற்ற நர்ஸ் (தொண்டி):

ஆண்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா என்று யோசித்தேன். தம்பி மனைவி அழுததைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். புருஷன் விலகிப் படுத்தால் ஒரு பெண்ணுக்குத் தோன்றுவது இரண்டே விஷயம்: என்னைப் பிடிக்கவில்லை, அல்லது வேறு யாரோ இருக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் நீங்கள் தினமும் வேலைக்குப் போய் வருகிறீர்கள். பிரசவ வார்டில் வேலை பார்த்த காலத்தில், "நான் குண்டாகிவிட்டதால்தான் அவர் வருவதில்லை அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பெண்களை மறக்க முடியாது. படுக்கையில் சொல்லாதீர்கள். பகலில், பையன் பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்து சொல்லுங்கள். இது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது, டாக்டரிடம் போகிறேன், நீயும் கூட வா என்று சொல்லுங்கள். சமையல் மாற வேண்டும் என்றால் அவள் இல்லாமல் எப்படி மாறும்?

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். கழுத்தும் வயிறும் பருத்தவர்களுக்கு மூச்சடைப்புத் தூக்கம் வரும். பகலில் நாற்காலியிலேயே கண் சொருகும். இந்த நோய்க்கும் விறைப்புக் கோளாறுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதோடு 3 மணிக்கு எழுந்தால் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? 2011-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், நல்ல ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதற்கே டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. கைபேசியை வைத்துவிட்டு 8 மணிக்குப் படுங்கள்.

இரண்டாவது குழந்தைக்கு இருவரும் சேர்ந்தே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விந்து பரிசோதனை எளிது. 2 முதல் 7 நாள் உறவில்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சத்துக்குக் குறையாமல் விந்தணு இருப்பதைக் கீழ் எல்லையாக உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்திருக்கிறது. ஒரு தடவை குறைவாக வந்தால் உடைந்துபோக வேண்டாம். புது விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். இன்றைக்குப் பீடியை விட்டு நடக்க ஆரம்பித்தால் அதன் பலன் மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில்தான் தெரியும்.

—

கடலோரக் கணக்கர்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்னது போலவே அப்பாவின் மருந்துப் பையில் அந்த நாக்கு மாத்திரை இருந்தது. லேகியத்தை நிறுத்திவிட்டேன். மனைவியிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "இதை அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றாள், அப்புறம் அவள்தான் என்னை ராமநாதபுரம் கூட்டிப்போனாள். குறட்டை பற்றிக் கேட்டேன். மூச்சு நிற்கிறதா என்று பல ராத்திரி விழித்திருந்து பார்த்திருக்கிறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

கொதிப்பு 150/96. மூன்று மாதச் சராசரி 7.2. ஈசிஜி நன்றாக இருக்கிறது, ஆனால் அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலை டெஸ்டோஸ்டிரோன் 290, மறுபடி ஒரு நாள் பார்க்க வேண்டுமாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கொதிப்புக்கு டெல்மிசார்ட்டனும் எழுதியிருக்கிறார். கொதிப்பு மாத்திரை சாப்பிட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள். போடலாமா? விறைப்புக்கு இப்போதே மாத்திரை கேட்கலாமா?

—

மருந்துக்கடை அண்ணன்:

போடுங்கள் தம்பி. அந்தப் பேச்சு வந்தது பழைய மாத்திரைகளால். நீர் பிரியவைக்கும் தயாசைடு வகை, அட்டெனலால் மாதிரியான பழைய பீட்டா பிளாக்கர், இவை சிலருக்கு விறைப்பைக் குறைக்கும். டெல்மிசார்ட்டன் அந்த வகை இல்லை. கொதிப்பைக் கட்டுக்குள் வைக்காமல் விடுவதுதான் ரத்தக்குழாயைக் கெடுக்கும். எந்த மாத்திரையால் மாற்றம் தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் வேறு எழுதுவார்.

7.2 என்பது சர்க்கரை நோய்தான், 6.5 தாண்டினாலே அப்படித்தான் கணக்கு. பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. கீழக்கரை அண்ணனுக்கு வருடக்கணக்கில் தெரியாமல் போனது உங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 10 கிலோ குறைந்தால் இந்த எண்ணும் இறங்கும்.

290 என்பது எல்லைக்கோட்டில் இருக்கிறது. 300-க்குக் கீழே என்றால் குறைவு என்பார்கள். உங்கள் எடைக்கும் தூக்கத்துக்கும் இந்த அளவில் ஆச்சரியம் இல்லை. யாராவது உடனே ஊசி என்றால், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று சொல்லுங்கள். குறட்டையை இன்னும் சொல்லவில்லை என்றால் அடுத்த தடவை அதையும் சொல்லுங்கள், மனைவி பார்த்ததை அவரே சொல்வது இன்னும் நல்லது.

விறைப்பு மாத்திரையை டிரெட்மில் முடிவு வந்த பிறகு கேளுங்கள். உறவு என்பது இதயத்துக்கு வேகமாக இரண்டு மாடி ஏறுவது போன்ற வேலை. அந்த வேலையை உங்கள் இதயம் தாங்குகிறதா என்று தெரிந்துகொண்டுதான் டாக்டர் எழுதுவார். எழுதினால் தயங்காமல் சாப்பிடுங்கள், அதில் எந்தக் கேவலமும் இல்லை. நடையும் சாப்பாடும் பலன் கொடுக்க மாதங்கள் ஆகும், அதுவரை இருவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சாப்பிட்டு 4 மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை போடும் விஷயம் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும், அப்பாவின் நாக்கு மாத்திரையை உங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். டிரெட்மில்லுக்குப் போகும் அன்று வயிறு முட்டச் சாப்பிடாமல், கால்சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு போங்கள். வேட்டியோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.